மச்சாளுக்கு நான் மொழிபெயர்க்காதது

என் கணவரின் அக்காவை நான் ஒரு சனிக்கிழமை காலை பழிவாங்கினேன். அதற்கு எனக்குக் கைகொடுத்தது வெல்ஷ் மொழி. இதை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. செய்ததை நினைத்து வெட்கப்பட்டு அல்ல. எனக்கு எதைச் சொல்வதற்கும் வெட்கம். கடையில் ஒரு பை கேட்பதற்கு முன் இரண்டு தரம் தொண்டையைச் செருமுகிறவள் நான். எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

கணவரின் அக்காவை நாங்கள் மச்சாள் என்போம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து இறங்கியபோது மச்சாள் இங்கே பத்து வருடம் இருந்துவிட்டார். ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில் வேலை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அதனால் டொக்டரிடம், கவுன்சிலில், குரோய்டனில் விசா அலுவலகத்தில், எங்கே போனாலும் எனக்காக அவர்தான் கதைத்தார். ரெயினில் போகும்போதே சொல்லிவிடுவார்: "நீ பேசாம இரு பிள்ளை. நான் எல்லாம் சொல்லுறன்." நானும் நன்றியோடுதான் அவர் பின்னால் நடந்தேன்.

மகள் வயிற்றில் இருந்தபோது கிளினிக்கில் ஒரு நாள் நர்ஸ் என்னைப் பார்த்து நேராக ஏதோ கேட்டார். மச்சாள் கைப்பைக்குள் கண்ணாடி தேடிக்கொண்டிருந்தார். நான் துணிந்து, "யெஸ், தாங்க்யூ" என்றேன். நர்ஸ் கேட்டது, இது எத்தனையாவது பிள்ளை என்று.

அந்தக் கதை எனக்கு முன்பே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு பிறந்தநாள் வீடுகளுக்குப் போனது, சாமத்தியச் சடங்குகளுக்குப் போனது, ரெய்னர்ஸ் லேனில் நடந்த ஒரு கலியாணத்துக்கும் போனது. மச்சாள் எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். முதலில் நர்ஸின் குரல். பிறகு என் முகம்: நாடியை நெஞ்சில் குத்தி, ஒரு கையால் சேலைக் கொய்யக மடிப்பைப் பிடித்துக்கொண்டு, "யெஸ்... தாங்க்யூ." சபை விழுந்து விழுந்து சிரிக்கும். என் கணவர் எல்லோருக்கும் முந்திச் சிரிப்பார். அன்று நான் சேலை கட்டியிருக்கவில்லை. கறுப்புக் கோட்டும் சப்பாத்தும் போட்டிருந்தேன். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சேலைதான் எனக்கு ஆத்திரத்தைக் கூட்டியது. என்னை நடிப்பதென்றால் சரியாக நடிக்க வேண்டாமா?

மகளுக்கு எட்டு வயதானபோது ஒரு விருந்திலிருந்து திரும்பும் வழியில் காருக்குள் கேட்டாள்: "அம்மா, டிட் யூ ரியலி சே தாட்?" நான் ஜன்னலைப் பார்த்தேன். அன்றிலிருந்துதான் மச்சாளுக்கு ஒரு நாள் நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டேன். என்ன செய்வது என்று தெரியாது. வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், ஒரு டயர் கடைக்கும் கோழிப் பொரியல் கடைக்கும் நடுவில், ஒரு வெல்ஷ் தேவாலயம் இருக்கிறது. அங்கே எனக்குத் துப்புரவு வேலை கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள். வேல்ஸிலிருந்து லண்டனுக்கு வந்து பால் விற்றவர்கள் கட்டிய கோயில் அது. ஒரு காலத்தில் இந்த நகரத்தில் தெருவுக்குத் தெரு அவர்களுடைய பால்கடை இருந்ததாம். இப்போது ஞாயிறு வழிபாட்டுக்கு வருகிறவர்களை ஒரே மர வாங்கில் நெருக்கி இருத்தலாம். ஆனால் வருகிற அத்தனை பேரும் வெல்ஷிலேதான் கதைப்பார்கள், கணக்கு வழக்கும் அதிலேதான், சண்டையும் அதிலேதான்.

வியாழன் மாலை பின் அறையில் மொழி வகுப்பு. வகுப்பு முடிந்து நான் கதவு பூட்ட வேண்டும். குளிரில் வெளியே நின்ற என்னைக் கோயிலின் செயலாளர் அம்மா உள்ளே வந்து இருக்கச் சொன்னார். அவர்தான் படிப்பித்தார், எழுபது வயது தாண்டியவர். படிக்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர், எல்லோரும் இங்கிலீஷ்காரர். பால்காரருடைய பேரப்பிள்ளைகள் சிலர், வேல்ஸில் கலியாணம் செய்தவர்கள் சிலர். அவர்கள் ஒரு வசனம் சொல்வதற்கு முன் காது சிவந்து, மேசையைப் பார்த்து, விரலை முறித்து, கடைசியில் பிழையாகச் சொன்னார்கள். இங்கிலீஷ்காரர் தடக்குப்பட்டுக் கதைப்பதை நான் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். இரண்டு மணித்தியாலம் இருந்து பார்த்தேன். அடுத்த வியாழனும் உள்ளே போய் இருந்தேன். மூன்றாம் வியாழன் அந்த அம்மா என்னிடமும் ஒரு கேள்வி கேட்டார். நான் சொன்னது பிழை. ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்தவர் இன்னும் பெரிய பிழை விட்டார்.

ஆங்கிலம் இந்தத் தீவுக்கு வருவதற்கு முன்பே இங்கே இருந்த பேச்சிலிருந்து வந்த மொழி இது என்று அந்த அம்மா சொன்னார். ஆங்கிலத்தைக் கொண்டுவந்தவர்கள் கடல் தாண்டி வந்தவர்கள். வந்தவர்கள், ஏற்கெனவே இருந்தவர்களைப் பார்த்து அந்நியர் என்று பெயர் வைத்தார்கள். வெல்ஷ் என்ற சொல்லுக்கு அதுதான் பொருளாம். தங்கள் மொழியை அவர்கள் கம்ரைக் என்கிறார்கள். தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரின் பொருள், ஒரே மண்ணின் ஆட்கள் என்பது. இன்றைக்கு வேல்ஸில் தெருப் பலகையும் கவுன்சில் கடிதமும் இரண்டு மொழியில். கோர்ட்டில் நின்று அந்த மொழியில் வாதாடலாம். அதிலேயே நடக்கிற பள்ளிக்கூடங்கள் உண்டு, தொலைக்காட்சி உண்டு. அப்படியிருந்தும் சில ஊர்க் கடைகளில் அதன் சத்தம் குறைந்துகொண்டு போகிறது என்று அந்த அம்மா கவலைப்படுவார். எனக்கு அந்தக் கவலை இல்லை. வாய் திறந்தால் மச்சாள் எட்டிப் பார்க்க முடியாத ஒரு இடம் எனக்குக் கிடைத்திருந்தது. நாலு வருடம் ஒரு வியாழனையும் விடவில்லை. கூட்டுமாறோடு நடக்கும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். வீட்டில், வகுப்பு நாளில் வேலை கூடுதல் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

மச்சாள் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்று நடத்துகிறார். சனிக்கிழமை காலையில் மட்டும். முன்பிருந்த இடம் கைவிட்டுப் போக, "உன்ர சேர்ச்சில கேட்டுப் பார், பிள்ளை" என்றார். நான் கேட்டேன். கொடுத்தார்கள். வேறு மண்டபம் அந்தப் பக்கத்தில் கிடைக்காது. பெற்றோர் கூட்டத்தில் மச்சாள், தானே அலைந்து தேடிப் பிடித்த மண்டபம் என்றார். நான் பின்வரிசையில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மண்டபத்தின் பின்சுவரோடு ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. அதற்குள் பழைய வேதாகமம், ஒரு பால் அளக்கும் குவளை, இரண்டு எழுத்து வெட்டிய ஒரு சிறு மரத்துண்டு. மரத்துண்டில் கயிறு கட்ட ஓட்டை இருக்கும். அந்தக் காலத்தில் வேல்ஸில் சில பள்ளிக்கூடங்களில், வெல்ஷ் கதைத்து அகப்பட்ட பிள்ளையின் கழுத்தில் இப்படி ஒரு மரத்தைத் தொங்கவிடுவார்கள். அந்தப் பிள்ளை, வெல்ஷ் கதைக்கிற இன்னொரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால் மரம் அங்கே மாறும். மாலையில் யாருடைய கழுத்தில் கிடக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. பெட்டியில் இருந்தது கோயில் மூப்பருடைய பாட்டனாரின் தகப்பன் கழுத்தில் கிடந்த மரம். மூப்பருக்கு எண்பது வயது. அதைப் பற்றிக் கதைக்கும்போது இன்றைக்கும் அவர் மேசையிலிருந்து கையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை மச்சாள் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றார்.

"உதென்ன பிள்ளை, கட்டை?"

நான் சொன்னேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"பிள்ளையளே பிள்ளையளைப் பிடிச்சுக் குடுக்கிறதோ? வாத்திக்கு வேலையே இல்லை!" மச்சாளின் கண் மின்னியது. "இது நல்ல யோசனையெல்லே. எங்கட குஞ்சுகள் உள்ள வந்தா வாயெல்லாம் இங்கிலீசு. நாங்கள் தமிழுக்கு இதைச் செய்வம்."

இது எப்படி ஒருவருக்குத் தோன்றும் என்று வெளியாட்கள் கேட்கக்கூடும். எங்களுக்குத் தோன்றும். எங்கள் ஆட்களுக்குத் தமிழ் என்றால் உயிர். அடிக்காமல் படிப்பு ஏறாது என்பதும் உயிர். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டினால் அதில் என்ன பிழை என்று ஒருவரும் யோசிக்க மாட்டார்கள். "அடி வேண்டாம், லண்டன்," என்றார் மச்சாள், தன் தயவைத் தானே மெச்சி. "கடைசியா வைச்சிருக்கிற ஆள் மேடையில நிண்டு பத்துத் திருக்குறள் சொல்லட்டும்."

நான் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். 'மச்சாள், இதை இந்தக் கட்டடத்துக்குள் செய்யாதேங்கோ. இவையள் கண்டால் மண்டபத்தைப் பறிச்சுப்போடுவினம்.' அவ்வளவுதான். தொண்டை வரைக்கும் வந்தது. செருமவில்லை. "நல்லதுதான், மச்சாள்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அட்டை வந்தது. அலுவலகத்தில் பிளாஸ்டிக் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். சிவப்பு நாடா. அட்டையில் பெரிய எழுத்தில்: 'நான் தமிழ் பேசவில்லை.'

மண்டபத்தைத் தொடர்ந்து கொடுப்பதா என்று கோயில்காரர் முடிவெடுக்கிற மாதம் அது. வழக்கமாக மூப்பரும் செயலாளர் அம்மாவும் ஒரு கடிதத்தோடு முடித்துவிடுவார்கள். வியாழன் வகுப்பு முடிந்ததும் நான் அந்த அம்மாவிடம் போனேன். நானாகத் தொடங்கிச் சொன்ன முதல் நீண்ட வெல்ஷ் வசனம் அது: ஒரு சனிக்கிழமை காலையில் நீங்கள் இருவரும் வந்து பாருங்கள், பிள்ளைகள் தங்கள் மொழியை எப்படிப் படிக்கிறார்கள் என்று தெரியும். அந்த அம்மாவுக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. என் வசனத்தில் பிழை இல்லை என்றார்.

அவர்கள் வருவதற்கு மூன்று வாரம் சென்றது. அந்த மூன்று சனிக்கிழமையும் சிவப்பு நாடா கழுத்திலிருந்து கழுத்துக்குப் போவதை நான் கதவடியில் நின்று பார்த்தேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் ஒட்டுக்கேட்கப் பழகினார்கள். ஒரு சின்னப் பெண் வாயே திறப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டாள். தமிழும் இல்லை, இங்கிலீசும் இல்லை. அவளை எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கியும் நான் பொறுத்திருந்தேன். மச்சாள் செய்ததில் அது என் பங்கு. அதை யார் தலையிலும் போட மாட்டேன்.

நாலாவது சனிக்கிழமை பதினொரு மணிக்கு இருவரும் வந்தார்கள். மூப்பர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அந்த அம்மா துணியில் சுற்றிய பாரா ப்ரித் கொண்டுவந்தார். தேநீரில் ஊறிய முந்திரிகை வத்தல் போட்டுச் சுடுகிற அவர்களுடைய பாண். மச்சாள் பட்டுச் சேலையில் ஓடி வந்து வரவேற்றார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். முன்வரிசையில் நின்ற பையனின் கழுத்தில் அட்டை.

மூப்பருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் நாடாவைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து வெல்ஷில் கேட்டார், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று.

நான் சொன்னேன். என்ன எழுதியிருக்கிறது, ஏன் போடுகிறார்கள், எப்படிக் கை மாறுகிறது. மெதுவாக, திருத்தமாகச் சொன்னேன்.

மச்சாள் என் முழங்கையைப் பிடித்தார். "பிள்ளை, வடிவா இங்கிலீசில சொல்லு. அவைக்கு விளங்கேல்லை." பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டு ஆங்கிலத்தில், "மன்னிக்க வேண்டும், இவருடைய ஆங்கிலம் எப்போதும் இப்படித்தான்" என்றார்.

செயலாளர் அம்மா ஆங்கிலத்தில் பதில் சொன்னார்: "இவர் ஆங்கிலம் பேசவில்லை. எங்கள் மொழியில் பேசுகிறார். மிக நன்றாகப் பேசுகிறார்."

மச்சாளின் கை என் முழங்கையில் அப்படியே நின்றது. இந்த ஒரு நிமிடத்துக்காகவே நாலு வருடம் போதும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நான் அதோடு நிறுத்தவில்லை.

மூப்பரும் அந்த அம்மாவும் தங்களுக்குள் கதைத்தார்கள். அந்த அம்மாவுக்குக் கோபம். மூப்பர்தான் கையை மடக்கிக்கொண்டு சமாதானம் சொன்னார். இவர்களுக்கு அந்த மரத்தின் கதை தெரிந்திருக்காது என்றார். தங்கள் மொழி போய்விடும் என்ற பயத்தில் செய்திருப்பார்கள், அந்தப் பயம் எங்களுக்கும் தெரிந்ததுதானே என்றார். தேநீர் குடிக்கும்போது அந்தப் பெண்ணிடம் மெல்லமாகச் சொல்லுவோம், கழற்றிவிடுவார், மண்டபத்துக்கும் இதற்கும் தொடர்பு வேண்டாம் என்றார்.

"என்னவாம்? என்ன கதைக்கினம்?" மச்சாள் என் காதுக்குள் கேட்டார். அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"யோசனை எங்கயிருந்து வந்தது எண்டு கேக்கினம், மச்சாள்," என்றேன். "நல்லாப் பிடிச்சுக்கொண்டுது போல."

அவர்கள் அப்படிக் கேட்கவில்லை. மச்சாளின் முகம் மலர்ந்தது. மூப்பருக்கு நேரே திரும்பி, பின்சுவரைக் காட்டி, தன் நல்ல ஆங்கிலத்தில் பெருமையோடு சொன்னார்: "உங்களுடைய பெட்டியிலிருந்துதான் எடுத்தோம்! அந்த மரத்தின் கதை முழுவதும் எனக்குத் தெரியும். அருமையான முறை. எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாக வேலை செய்கிறது."

குனிவது மூப்பருக்குக் கஷ்டம். ஒரு கையால் கதிரையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பையனின் தலைக்கு மேலால் நாடாவைக் கழற்றி, அட்டையைத் தன் கோட்டுப் பைக்குள் வைத்தார். இருவரும் வெளியே போனார்கள். பாணையும் திருப்பிக் கொண்டுபோனார்கள்.

"என்ன, கோவமோ?" என்றார் மச்சாள்.

"தெரியேல்லை, மச்சாள்."

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது, வெல்ஷிலும் ஆங்கிலத்திலும். அடுத்த தவணையிலிருந்து மண்டபம் இல்லை. காரணம் எழுதியிருக்கவில்லை. அன்று மாலையே மச்சாள் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கணவர் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். மச்சாள் கோட்டைக் கழற்றாமல் சோபாவின் நுனியில் இருந்தார்.

"பதினெட்டு வருசம் நடத்தின பள்ளிக்கூடம். நீ ஒருக்காக் கதைச்சுப் பார், பிள்ளை. எனக்காக. அவை உன்ர சொல்லைக் கேப்பினம்."

"நான் என்ன கதைக்க, மச்சாள்? எனக்கு வெக்கம்."

"நீ நானெண்டு நினைச்சுக் கதை."

தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது கோப்பையும் குடித்தார். மூன்று தரம் கெஞ்சவிட்டுத்தான் ஓம் என்றேன்.

வியாழன் வகுப்புக்குப் பிறகு மூப்பரும் வந்திருந்தார். நான் வெல்ஷில் சொன்னேன். பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று கேட்டேன். அதை உண்மையாகவே கேட்டேன். அந்த முறை இனி நடக்காது என்றேன். பிறகு, அந்தப் பள்ளிக்கூடத்தை இன்னொருவர் நடத்தினால் நல்லது என்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து, நீ சொன்னால் சரிதான் என்றார். என் பிழைக்கு ஒரு தரமும் சிரிக்காத மனிதர் அவர். சனிக்கிழமை நானாகக் கட்டிச் சொன்ன அந்தக் கேள்வியை அவரிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

இரண்டாவது கடிதம் பள்ளிக்கூட நிர்வாகக் குழுவுக்கு வந்தது. மண்டபம் உண்டு, தலைமை மாற வேண்டும், மச்சாளிடம் இருக்கிற மண்டபச் சாவி இனி என்னிடம் இருக்க வேண்டும். குழுவில் ஐந்து அண்ணைமார். மச்சாள் பேசினால் கைதட்டுவதற்கென்றே வருகிறவர்கள். மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பத்து நிமிடமும் செல்லவில்லை.

"மண்டபம்தான் முக்கியம், அக்கா," என்றார் ஒருவர்.

"நீங்களும் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கத்தானே வேணும்," என்றார் இன்னொருவர்.

மச்சாள் வாயைத் திறந்தார். பிறகு குனிந்து கைப்பைக்குள் கண்ணாடியைத் தேடினார். நான் கதிரை அடுக்குவதை நிறுத்தி, நிமிர்ந்து நின்று பார்த்தேன். ஒரு அசைவையும் தவறவிடவில்லை.

வெளியே மழை. எல்லோரும் கார்களுக்கு ஓடினார்கள். வாசலில் மச்சாளும் நானும் மட்டும். நான் கையை நீட்டினேன்.

"என்ன?"

"சாவி, மச்சாள்."

அவர் படியில் இறங்கி நின்று, கார்ச் சாவி வளையத்திலிருந்து அதைக் கழற்றப் பார்த்தார். வளையம் இறுக்கம். நகம் நீளம். மழை அவருடைய தலையில் விழுந்து, தலைச்சாயம் கரைந்து நெற்றிவரை வந்தது. குனிந்தபடியே கேட்டார்: "அண்டைக்கு... அவை உண்மையா அப்பிடிக் கேட்டவையோ? எங்கயிருந்து வந்தது எண்டு?"

"ஓம், மச்சாள்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் அவருடைய முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பிறகு அவர் மறுபடியும் குனிந்து வளையத்தோடு போராடினார். ஒரு நகம் முறிந்தது. என்னிடம் குடை இருந்தது. விரித்து, என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, சாவி வரும்வரைக்கும் நின்றேன்.